நேப்பிள்ஸ் தெருமொழியும் ஜமைக்கா எக்கோவும்: ஒரு பழைய இசைக்குழு இப்போது ஏன் முக்கியம்?

2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை இரவு. இத்தாலியின் வடமேற்குக் கடற்கரை நகரமான சான்ரெமோவில், அரிஸ்தோன் அரங்கில் அன்றைய சுற்றில் ஜெயித்தவரின் பெயரை அறிவிக்கிறார்கள். ஜோலியே. 23 வயது ராப்பர். நேப்பிள்ஸ் நகரின் வடகோடியில், ஏழை உழைப்பாளர்கள் வாழும் செகொந்திலியானோ பகுதிப் பையன். கைதட்டல் எழ வேண்டிய இடத்தில் கூச்சல் எழுகிறது. சிலர் இருக்கையை விட்டு எழுந்து வெளியே போகிறார்கள்.

சான்ரெமோ சாதாரணப் பாட்டுப் போட்டி இல்லை. 1951 முதல் நடக்கிறது. போட்டி நடக்கும் ஐந்து இரவும் நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்த மேடையில் ஜோலியே பாடிய போட்டிப் பாடல் கிட்டத்தட்ட முழுக்க நேப்பிள்ஸ் மொழியில் இருந்தது. ‘இத்தாலியப் பாட்டு விழாவில் வட்டார மொழிக்கு என்ன வேலை?’ என்று ஒரு தரப்பு கேட்டது. ‘நாங்கள் இத்தாலியர்கள் இல்லையா?’ என்று இன்னொரு தரப்பு திருப்பிக் கேட்டது. மறுநாள் இறுதிச் சுற்றில் மக்கள் வாக்கில் 60 சதவீதம் ஜோலியேவுக்கு விழுந்தது. பத்திரிகையாளர், வானொலி நடுவர் குழுக்களின் மதிப்பெண்ணையும் சேர்த்த பிறகு அவர் இரண்டாம் இடத்துக்குப் போனார். முதலிடம் பிடித்தவர் அஞ்செலினா மாங்கோ.

சமூக ஊடகங்களில் பலர் இதை ‘வடக்கு - தெற்குச் சண்டை’ என்றார்கள். ஆனால் மாங்கோவும் தென் இத்தாலியக்காரர்தான். அதனால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. உண்மையான கேள்வி வேறு: ஒரு நாட்டின் பெரிய மேடையில் யாருடைய மொழி ‘மொழி’யாகக் கணக்கில் வரும்?

இந்தக் கேள்வி 2024-ல் பிறந்ததும் இல்லை. 30 வருஷத்துக்கு முன்பே நேப்பிள்ஸின் ஓர் இசைக்குழு அதைக் கையில் எடுத்தது. ஜமைக்காவின் டப், இங்கிலாந்தின் ட்ரிப்-ஹாப், சொந்த ஊர்த் தெருமொழி மூன்றையும் கலந்து பாடிய அந்தக் குழுவின் பெயர் அல்மமெக்ரெத்தா. இன்றைய சண்டையைப் புரிந்துகொள்ள அவர்களிடமிருந்து தொடங்குவதுதான் சரி.

முதலில், ‘தியலெத்தோ’ என்றால் என்ன?

வட்டார மொழியை இத்தாலியர்கள் ‘தியலெத்தோ’ என்பார்கள். ஒரே மொழியை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிப் பேசுவதுதான் அது என்று தோன்றும். அப்படியில்லை. நேப்பிள்ஸ்காரர்கள் ‘நாபுலிதானோ’ என்று சொல்லும் அவர்கள் மொழி, இத்தாலிய மொழி சிதைந்து உருவானது அல்ல. லத்தீனிலிருந்து நேராக வளர்ந்த மொழி. சிசிலி, வெனிஸ், ஜெனோவா ஊர்களின் பேச்சும் இப்படித்தான். இத்தாலிய மொழிக்கு இவையெல்லாம் தங்கச்சிகள்; பிள்ளைகள் அல்ல.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் இத்தாலிய மொழி, ஃப்ளோரன்ஸ் நகரின் இலக்கிய மொழியை அடிப்படையாகக் கொண்டது. 1861-ல் நாடு ஒன்றுபட்டபோது அதைப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மொழியியலாளர் துல்லியோ தெ மவுரோ போட்ட கணக்கு வெறும் 2.5 சதவீதம். சுமார் 10 சதவீதம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும், பத்தில் ஒன்பது பேருக்குத் தேசிய மொழி வெளியூர் மொழியாகவே இருந்தது.

பிறகு பள்ளிக்கூடமும் ராணுவச் சேவையும் அந்த மொழியைப் பரப்பின. முசோலினி ஆட்சி வட்டார மொழிகளை ஒடுக்கப் பார்த்தது. 1954-ல் தேசியத் தொலைக்காட்சி வந்ததும் மாற்றம் வேகம் பிடித்தது. தியலெத்தோ என்றால் ஏழை, படிக்காதவர், தெற்கத்திக்காரர் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. ‘நல்லா படிக்கணும்னா வீட்டிலயும் இத்தாலியன்லயே பேசு’ என்று பிள்ளைகளுக்குச் சொன்ன பெற்றோர் ஏராளம்.

யார் இந்த அல்மமெக்ரெத்தா?

குழுவின் பெயரே ஒரு அறிக்கை மாதிரி. லத்தீன் மெல்ல மெல்லப் பேச்சுமொழியாக மாறிக்கொண்டிருந்த காலத்துச் சொற்களை எடுத்து வைத்த பெயர் என்பார்கள். ‘இடம்பெயரும் ஆன்மா’ என்று பொருள். 1993-ல் வந்த முதல் முழு ஆல்பத்துக்கும் அதே பொருளில் ‘அனிமாமிக்ராந்தே’ என்றே பெயர் வைத்தார்கள். 1995-ல் ‘சனாகோரே’, 1998-ல் ‘லிங்கோ’ என்று அடுத்தடுத்து ஆல்பங்கள் வந்தன.

பாடகர் ரைஸ். டிரம்ஸ் ஜென்னாரோ தெசோனே. கீபோர்டு பாவ்லோ போல்காரி. கிடார் ஜொவான்னி மந்தீச்சே. இவர்களோடு டி.ராட் என்ற பெயரில் இயங்கிய ஸ்தேஃபனோ ஃபக்கியெல்லி. இவர் கையில் எந்த வாத்தியமும் இருக்காது. மிக்ஸிங் கன்சோல்தான் அவருடைய வாத்தியம்.

இவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. 1990-ல் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பெரிய மாணவர் போராட்டம் நடந்தது. அதையொட்டி, காலியாகக் கிடந்த ஆலைகளையும் கட்டடங்களையும் இளைஞர்கள் கைப்பற்றி ‘சமூக மையங்கள்’ ஆக்கினார்கள். நேப்பிள்ஸில் 1991-ல் உருவான ‘ஒஃபிச்சினா 99’ அப்படி ஒன்று. ராப், ரெக்கே, ராகா எல்லாம் அங்கேதான் வளர்ந்தன. அதே காலத்தில் இத்தாலியின் தென்கிழக்கு முனையான சலெந்தோவில், ‘சுத் சவுண்ட் சிஸ்டம்’ என்ற குழு தங்கள் ஊர் மொழியில் ஜமைக்கா பாணிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. வட்டார மொழி தாத்தா பாட்டி பேசும் பழசு என்ற எண்ணத்தை இந்தத் தலைமுறை தலைகீழாக்கியது.

நேப்பிள்ஸுக்கு இந்தக் கலப்பு புதிதும் இல்லை. அது துறைமுக நகரம். 1943 அக்டோபரில் நேசநாட்டுப் படைகள் நுழைந்தபோது அவர்களோடு ஜாஸும் ப்ளூஸும் வந்து இறங்கின. அந்தப் படையில் இருந்த ஒரு கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்க்கும் நேப்பிள்ஸ் பெண்ணுக்கும் பிறந்தவர்தான் சாக்ஸபோன் கலைஞர் ஜேம்ஸ் செனேசே. 1970களில் அவரது ‘நாபொலி சென்ட்ராலே’ குழு, நாபுலிதானோவை ஜாஸோடு சேர்த்தது. பின்னர் பீனோ தனியேலே அதை ப்ளூஸோடு சேர்த்து நாடு முழுக்கக் கொண்டுபோனார். அல்மமெக்ரெத்தா அந்த வரிசையில் அடுத்த ஆள். ஆனால் அவர்கள் பார்வை அமெரிக்காவை விட்டு ஜமைக்கா பக்கம் திரும்பியிருந்தது.

டப், ட்ரிப்-ஹாப்: இரண்டும் என்ன?

டப் 1960களின் முடிவில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தது. தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிவைத்து நடனம் நடத்தும் ‘சவுண்டு சிஸ்டம்’ கலாசாரம் அங்கே இருந்தது. ரெக்கே பாட்டின் இசைத்தட்டில் ஒரு பக்கம் பாட்டு இருக்கும். மறுபக்கம் குரல் நீக்கிய இசை மட்டும். கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்கள் அந்த மறுபக்கத்தில் விளையாட ஆரம்பித்தார்கள். பேஸையும் டிரம்ஸையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறக்குவார்கள். திடீரென்று ஒரு துண்டு குரலைத் திரும்பக் கொண்டுவந்து, எக்கோவில் போட்டு, அது தேய்ந்து மறையும்வரை விடுவார்கள்.

அதாவது, பாட்டில் எதைச் சேர்ப்பது என்று யோசிப்பதை விட, எதை எடுத்துவிடுவது என்று யோசிக்கும் இசை இது. எடுத்துவிட்ட இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகும். கேட்பவரின் காது அதை நிரப்பிக்கொள்ளும்.

ட்ரிப்-ஹாப் அதிலிருந்து கிளைத்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கரீபியக் குடும்பங்கள் நிறைய. அங்கிருந்த இளைஞர்கள் டப்பின் பேஸையும் அமெரிக்க ஹிப்-ஹாப்பின் தாளத்தையும் வேகம் குறைத்துச் சேர்த்தார்கள். மாஸிவ் அட்டாக் குழுவின் ‘ப்ளூ லைன்ஸ்’ 1991-ல் வந்தது. போர்ட்டிஸ்ஹெட் குழுவின் ‘டம்மி’ 1994-ல். நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் நடப்பது போன்ற மெதுவான, இருண்ட இசை.

ஊர் மொழி அதில் எப்படிப் பொருந்தியது?

இதற்கு ஒரு மொழிக் காரணம் இருக்கிறது. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஆங்கிலத் தாளத்தில் பிறந்த ராக், ராப் மெட்டுகளுக்கு இது சிரமம். அடி முடியும் இடத்தில் ‘டக்’ என்று நிற்கும் சொல் வேண்டும். இத்தாலிய மொழியில் அப்படிப்பட்ட சொற்கள் குறைவு. இத்தாலியப் பாடலாசிரியர்களின் ரொம்ப நாள் தலைவலி இது.

நாபுலிதானோவில் அந்தப் பிரச்சினை குறைவு. சொல்லின் கடைசி உயிர் தேய்ந்து, பாதி விழுங்கிய ஒலியாகிவிடும். வினைச்சொற்கள் நறுக்கென்று முடியும். ‘பாடுவது’ என்பதற்கு இத்தாலிய மொழியில் ‘கந்தாரே’. நாபுலிதானோவில் ‘கந்தா’, அழுத்தமும் கடைசி அசையிலேயே. தாளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிடும்.

இன்னொரு காரணம் குரல். நேப்பிள்ஸ் வட்டாரத்தில் ‘ஃப்ரொன்னே எ லிமோனே’ என்றொரு பழைய பாட்டு முறை உண்டு. எலுமிச்சை இலைகள் என்று அதற்குப் பொருள். தாளமோ வாத்தியமோ கிடையாது. ஒருவர் தனியாகத் தொண்டையைத் திறந்து, இழுத்து, நெளித்துப் பாடுவது. சிறைச்சாலைக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவருக்கு உறவினர்கள் சேதி சொல்லவும் இது பயன்பட்டது. தூரத்தில் இருப்பவரை எட்டிப்பிடிக்கும் குரல் அது.

ரைஸின் பாட்டில் அந்த இழுப்பும் நெளிவும் கேட்கும். அரபு நாட்டுப் பாடகர்களின் சாயலும் தெரியும். அந்தக் குரலை டி.ராட் எக்கோவில் விட்டபோது என்ன நடந்தது? மதில் தாண்டிப் போகும் பழைய குரலும், கிங்ஸ்டன் தெருவின் ஸ்பீக்கர் எக்கோவும் ஒன்றாயின. எங்கே நாட்டுப்புறம் முடிகிறது, எங்கே எலெக்ட்ரானிக் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் இந்தக் குழுவின் பலம்.

‘ஹன்னிபாலின் பிள்ளைகள்’ கிளப்பிய சர்ச்சை

1990களின் தொடக்கத்தில் இத்தாலி ஒரு திருப்பத்தில் நின்றது. 1876-க்குப் பின் நூறு வருஷத்தில் சுமார் 2.6 கோடிப் பேரை வெளிநாடுகளுக்கு அனுப்பிய நாடு அது. அந்த நாட்டுக்கு இப்போது வெளியாட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

1989 ஆகஸ்டில், நேப்பிள்ஸுக்கு வடக்கே வில்லா லித்தெர்னோ என்ற ஊரில், தக்காளி பறிக்க வந்த ஜெர்ரி மஸ்லோ என்ற தென்னாப்பிரிக்க அகதி கொலை செய்யப்பட்டார். நிறவெறி ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர் அவர். நாடே அதிர்ந்தது. 1991 ஆகஸ்டில் ‘வ்லோரா’ என்ற ஒரே கப்பலில் சுமார் 20,000 அல்பேனியர்கள் பாரி துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வடக்கு இத்தாலியில் ‘லேகா நோர்த்’ என்ற கட்சி வேகமாக வளர்ந்தது. தெற்கத்திக்காரர்கள் எங்கள் வரிப்பணத்தைத் தின்கிறார்கள் என்பது அதன் பிரசாரம். 1992 பொதுத் தேர்தலில் அது 8.6 சதவீத வாக்கு வாங்கியது. தெற்கத்திக்காரர்களை ‘ஆப்பிரிக்கர்கள்’ என்று திட்டுவது அங்கே பழைய வழக்கம்.

இதற்கு அல்மமெக்ரெத்தா சொன்ன பதில்தான் ‘ஃபீலி தி அன்னிபலே’ பாடல். ‘ஹன்னிபாலின் பிள்ளைகள்’ என்று பொருள். ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து புறப்பட்ட தளபதி ஹன்னிபால் கி.மு. 218-ல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் வந்தார், கி.மு. 203-ல்தான் திரும்பினார். சுமார் 15 வருஷம் அவருடைய படை இங்கே இருந்ததே, அந்த ரத்தம் நம்மிடம் இல்லாமலா போகும், அதனால்தானே நம்மில் பலருக்குத் தோல் கறுப்பு என்பதுதான் பாட்டின் வாதம். ‘ஆப்பிரிக்கர்னு திட்டுறியா? ஆமா, அதுக்கென்ன இப்போ?’ என்று மல்லுக்கு நின்ற பாட்டு.

இதை வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். தென் இத்தாலியர்களின் தோல் நிறத்துக்கு ஹன்னிபாலின் படைதான் காரணம் என்று நிரூபணம் ஏதும் இல்லை. அந்தப் படையிலும் ஸ்பெயின், பிரான்ஸ் பகுதி வீரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இன்னொரு வேடிக்கை: கி.மு. 216-ல் பக்கத்து ஊரான கபுவா ஹன்னிபால் பக்கம் சாய்ந்தது. நேப்பிள்ஸ் மட்டும் கடைசிவரை அவருக்குக் கதவைத் திறக்கவே இல்லை.

ஆனால் பாட்டின் குறி வரலாறு அல்ல. வடக்கத்திக்காரர் தெற்கத்திக்காரரைத் தாழ்த்த, தெற்கத்திக்காரர் புதிதாக வந்த ஆப்பிரிக்கரைத் தாழ்த்த, இப்படிப் போகும் சங்கிலியை ஓர் இடத்தில் அறுக்கப் பார்த்தது அது. ‘நாங்கள் அவர்களைப் போல இல்லை’ என்று நிரூபிக்கப் பாடுபடாமல், ‘நாங்களும் அவர்கள்தான்’ என்று சொன்னதுதான் அதில் புதுசு.

பிரிஸ்டலோடு ஒரு பாலம்

மாஸிவ் அட்டாக் குழுவின் ராபர்ட் டெல் நாயாவுடைய அப்பா நேப்பிள்ஸ்காரர். அந்தக் குழுவின் 1994-ம் வருஷ ஆல்பமான ‘புரொடெக்‌ஷன்’-ல் ‘கர்மகோமா’ என்றொரு பாடல் உண்டு. 1995-ல் அது தனியாக வெளியானபோது, ‘தி நாபொலி ட்ரிப்’ என்ற பெயரில் அல்மமெக்ரெத்தா செய்த ரீமிக்ஸும் கூடவே வந்தது. லண்டனின் பிரபல டப் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட்டோடும் அந்தக் காலத்தில் இவர்கள் சேர்ந்து வேலை பார்த்தார்கள்.

இது வெறும் பெருமைக்கான செய்தி அல்ல. அதுவரை நேப்பிள்ஸ் பாட்டு என்றால் வெளிநாட்டவருக்கு மாண்டலின், நிலவு, கடல், காதல். சுற்றுலாப் பயணிக்கு விற்கும் அஞ்சலட்டை மாதிரி. அதே மொழி முதல் முறையாக ரோமையும் மிலானையும் கேட்காமல், நேராக பிரிஸ்டலோடும் கிங்ஸ்டனோடும் பேசியது. உலகத்தோடு பேச முதலில் தேசிய மொழிக்கு மாறியாக வேண்டும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

குழுவின் பயணம் நேர்கோடாக இருக்கவில்லை. ரைஸ் 2000களின் தொடக்கத்தில் தனியாகப் போனார். 2004-ல் டி.ராட் சாலை விபத்தில் இறந்துபோனார். 2013-ல் ரைஸ் மீண்டும் சேர, குழு சான்ரெமோ மேடையிலேயே ஏறியது. 2022-ல் ‘செங்ஹே’ என்ற ஆல்பம் வந்தது. விரிசல்கள் என்று பொருள். இன்றைய இளைஞர்களுக்கு ரைஸ் வேறு வகையிலும் பழக்கம். ‘மாரே ஃபுவோரி’ தொடரில் தாதா சல்வத்தோரே ரிச்சியாக நடித்திருப்பவர் அவர்தான்.

வட்டார மொழி எப்போதும் முற்போக்கா?

இல்லை. அல்மமெக்ரெத்தாவைத் தனித்துக் காட்டும் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

லேகா கட்சியும் வட்டார மொழியைத் தூக்கிப் பிடித்தது. அந்தக் கட்சி ஆண்ட வடக்கத்தி ஊர்களில் பெயர்ப் பலகைகள் வட்டார மொழியில் வந்தன. 2009-ல், ஆசிரியர் வேலைக்கு வருபவர்களுக்கு உள்ளூர்ப் பண்பாடும் பேச்சும் தெரியுமா என்று சோதிக்க வேண்டும் என்ற யோசனையை அந்தக் கட்சி முன்வைத்தது. வடக்கே வேலை தேடி வரும் தெற்கத்தி ஆசிரியர்களைத் தடுப்பதற்கான வழி என்று அதை எதிர்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆக, ஒரே கருவியைக் கொண்டு இரண்டு வேலை செய்யலாம். ‘இது எங்கள் மொழி, உனக்குத் தெரியாது, வெளியே நில்’ என்று வேலி போடலாம். ‘இது எங்கள் மொழி, இதில் அரபும் ஆப்பிரிக்காவும் ஜமைக்காவும் கலக்கலாம், உள்ளே வா’ என்று கதவையும் திறக்கலாம். அல்மமெக்ரெத்தா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. மொழியைத் தூய்மையாக வைத்துக் காப்பாற்ற அவர்கள் முயலவே இல்லை. கலக்க விட்டார்கள். துறைமுக ஊரின் மொழி இத்தனை காலம் பிழைத்து வந்ததும் அப்படித்தான்.

பாட்டு ஹிட் ஆனால் மொழி பிழைக்குமா?

இனி கொஞ்சம் கசப்பான கணக்கு. இத்தாலியின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இஸ்தாத் அவ்வப்போது ஒரு கேள்வி கேட்கிறது: வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?

- 1980களின் பிற்பகுதி: பெரும்பாலும் வட்டார மொழி மட்டும் பேசியவர்கள் சுமார் 32 சதவீதம்.
- 2006: சுமார் 16 சதவீதம்.
- 2015: சுமார் 14 சதவீதம்.

2015 கணக்கில் இத்தாலிய மொழியையும் வட்டார மொழியையும் கலந்து பேசுபவர்கள் சுமார் 32 சதவீதம். நேப்பிள்ஸ் இருக்கும் காம்பானியா மாகாணத்தில் நிலைமை பரவாயில்லை. வீட்டில் தனியாகவோ கலந்தோ வட்டார மொழி பேசுபவர்கள் அங்கே சுமார் நான்கில் மூன்று பேர். ஆனாலும் நாடு முழுக்கப் பார்த்தால் போக்கு ஒரே திசையில்தான். வயதானவர்களிடம் அதிகம், இளைஞர்களிடம் குறைவு.

யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் வரைபடத்தில் தென் இத்தாலிய மொழி ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது’ என்ற பிரிவில் இருக்கிறது. நாட்டுச் சட்டத்தில் அந்த இடம்கூட இல்லை. 1999-ல் வந்த 482-ம் எண் சட்டம் 12 சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பு தந்தது. அதில் சார்தீனிய மொழி உண்டு, ஃப்ரியுலி மொழி உண்டு, அல்பேனிய மொழியும் உண்டு. நாபுலிதானோ இல்லை, சிசிலிய மொழியும் இல்லை. வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் இத்தாலி 2000-ல் கையெழுத்துப் போட்டது. இன்னும் அதை உறுதிசெய்து நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2019-ல் காம்பானியா மாகாணம் நாபுலிதானோவைப் பேணுவதற்கென்று தனிச் சட்டம் போட்டது. ஆனால் மாகாணச் சட்டத்தால் தேசிய அங்கீகாரம் கிடைத்துவிடாது.

இதன் விளைவு என்ன என்பதை ஜோலியே விவகாரமே காட்டியது. அவருடைய பாடல் வரிகள் எழுத்தில் வெளியானதும், நேப்பிள்ஸ் எழுத்தாளர்கள் சிலரே கொதித்தார்கள். ‘உயிரெழுத்தையெல்லாம் விழுங்கி, வாட்ஸ்அப்பில் எழுதுவது மாதிரி எழுதியிருக்கிறார், இது நாபுலிதானோவே இல்லை’ என்பது குற்றச்சாட்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. பல நூற்றாண்டு இலக்கியமும் நாடகமும் பாட்டும் உள்ள மொழி அது. அதற்கென்று எழுத்து மரபும் இருக்கிறது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அந்த மரபைச் செகொந்திலியானோ பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பள்ளிக்கூடத்தில் இத்தாலிய மொழி மட்டுமே. வீட்டிலும் தெருவிலும் காதால் கேட்டதை அவர் எழுதினார். சொல்லித்தராத மொழியில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பது எளிது. அந்தப் பிழைக்கு யார் பொறுப்பு என்பது கடினமான கேள்வி.

அப்படியென்றால் இந்த அலை வெறும் ஃபேஷனா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2017-ல் முகம் காட்டாத பாடகர் லிபெராதோ, நாபுலிதானோவையும் ஆங்கிலத்தையும் எலெக்ட்ரானிக் இசையில் கலந்து இணையத்தைக் கலக்கினார். நூ ஜெனேயா குழுவின் 2022 ஆல்பமான ‘பார் மெதித்தெர்ரானேயோ’, ஐரோப்பிய நடன மேடைகளுக்கு அந்த மொழியைக் கொண்டுபோனது. 2023-ல் இத்தாலியில் அதிகம் விற்ற ஆல்பம் ஜோலியேவுடையது. நேப்பிள்ஸ் மொழி புரியாத மிலான் இளைஞர்களும் அதைக் கேட்டார்கள்.

எண்கள் முரண்படுவது போலத் தெரியும். வீட்டில் மொழி சுருங்குகிறது, போன் ஸ்பீக்கரில் பெருகுகிறது. மொழியியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். முன்பு தியலெத்தோ பேசியவர் வேறு மொழி தெரியாததால் பேசினார், அதனால் வெட்கப்பட்டார். இப்போது எல்லோருக்கும் இத்தாலிய மொழி தெரியும். எனவே தியலெத்தோ பேசுவது கட்டாயம் அல்ல, விருப்பம். விருப்பமாக ஆனதும் வெட்கம் போய்விட்டது.

வெட்கம் போவது சின்ன விஷயமில்லை. ஒரு மொழி சாகத் தொடங்குவது, பெற்றோர் அதைப் பிள்ளையிடம் பேசக் கூச்சப்படும் நாளில்தான். அந்தக் கூச்சத்தைப் பாட்டால் போக்க முடியும்; 30 வருஷமாக நேப்பிள்ஸில் நடந்தது அதுதான். ஆனால் பாட்டால் முடியாததும் உண்டு. சாப்பாட்டு மேசையில் அம்மா பேச வேண்டிய வாக்கியத்தை ஸ்பாட்டிஃபை பேச முடியாது. பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதும் பாடகரின் கையில் இல்லை.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

இரண்டு விஷயங்கள். ஒன்று, 1999 சட்டத்தின் பட்டியலில் விடுபட்ட மொழிகள் பற்றிய விவாதம். சான்ரெமோவில் ஒவ்வொரு முறை வட்டார மொழிப் பாட்டு ஏறும்போதும் இது கிளம்பும். விழா முடிந்ததும் அடங்கிவிடும். அடங்காமல் நாடாளுமன்றம் வரை போகுமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, அல்மமெக்ரெத்தா பாட ஆரம்பித்த விஷயமே: இடம்பெயர்ந்தவர்கள். இத்தாலியில் குடியுரிமை கேட்க வெளிநாட்டவர் பொதுவாக 10 வருஷம் சட்டப்படி தங்கியிருக்க வேண்டும். 1992-ல் வந்த சட்டம் அது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்த பிள்ளையும் 18 வயது வரை காத்திருக்க வேண்டும். 10 வருஷத்தை 5 ஆகக் குறைக்கலாமா என்று 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. செல்லுபடியாகப் பாதிக்கு மேல் வாக்காளர்கள் வந்திருக்க வேண்டும். வந்தது சுமார் 30 சதவீதம். வாக்கெடுப்பு செல்லாமல் போனது.

இன்று நேப்பிள்ஸில் இலங்கை, நைஜீரியா, செனெகல், உக்ரைன் என்று பல நாட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது கற்றுக்கொள்ளும் மொழிகளில் நாபுலிதானோவும் ஒன்று. அரசு இன்னும் ‘இத்தாலியர்’ என்று ஏற்காத அந்தப் பிள்ளைகள், அரசு இன்னும் ‘மொழி’ என்று ஏற்காத மொழியைப் பேசி வளர்கிறார்கள். நாளை சான்ரெமோ மேடையில் அவர்களில் ஒருவர் ஏறி நாபுலிதானோவில் பாடினால், அரங்கம் கைதட்டுமா, கூச்சல் போடுமா என்பதைப் பொறுத்துத்தான், ‘ஹன்னிபாலின் பிள்ளைகள்’ கேட்ட கேள்விக்கு இத்தாலி என்ன பதில் வைத்திருக்கிறது என்று தெரியும்.